உன் காய்ச்சல் யாருடைய வேலை

அன்புள்ள மகளுக்கு,

நேற்று இரவு நீ போனில் பேசியதிலிருந்து மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. மூன்று நாளாகக் காய்ச்சல், உடம்பு வலி, தொண்டை எரிச்சல், மூக்கு ஒழுகல். வைரஸ் காய்ச்சல் மாதிரிதான் இருக்கிறது என்று டாக்டர் சொல்லி அனுப்பியும் உனக்குச் சமாதானம் ஆகவில்லை. "எனக்கு எதிர்ப்பு சக்தியே இல்லைப்பா, ஆபீசில் அத்தனை பேருக்கு நடுவில் நான் மட்டும்தான் படுத்துட்டேன்" என்றாய். வீட்டில் மிச்சம் கிடக்கும் ஆன்டிபயாடிக்கைப் போட்டுக்கொள்ளட்டுமா என்றும் கேட்டாய். வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். ஏன் வேண்டாம் என்பதை உன் இருமலுக்கு நடுவில் சொல்லி முடிக்க முடியாது. வேலைக்காலம் முழுக்க லேபில் ரத்த ஸ்லைடு பார்த்தவன் நான். இதை உனக்கு நிதானமாகச் சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசையும் உண்டு. படுத்துக்கொண்டே படி.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். உன்னைப் பாடாய்ப் படுத்தும் இந்தக் காய்ச்சலையும் வலியையும் பெரும்பாலும் வைரஸ் நேரடியாக உண்டாக்கவில்லை. உன் உடம்புதான் உண்டாக்குகிறது. கிருமி நுழைந்த இடத்தில் இருக்கும் மேக்ரோஃபேஜ் போன்ற, கிருமியை விழுங்கும் அணுக்கள் அதை உணர்ந்ததும் இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் என்று சில புரதங்களை வெளியே விடுகின்றன. அவை ரத்தம் வழியாக மூளையை எட்டும்போது, ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாகி, உடம்பு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்ற அளவையே உயர்த்திவிடுகிறது. 98.6 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிம்மதியாக இருந்த உடம்பு இப்போது 102 வேண்டும் என்கிறது. நெற்றி கொதிக்கும்போதே உனக்குக் குளிர்வது இதனால்தான். எட்ட வேண்டிய சூடு இன்னும் வரவில்லை என்று மூளை தசைகளை நடுங்கவைத்துச் சூடேற்றுகிறது. அளவு பழையபடி இறங்கியதும் வியர்த்துக் கொட்டும்.

பசி எடுக்காதது, கண்ணைத் திறக்க முடியாத அசதி, யாரும் பக்கத்தில் வராமல் இருந்தால் போதும் என்ற எண்ணம், எல்லாவற்றிலும் இதே புரதங்களின் கை இருக்கிறது. காய்ச்சல் வந்த விலங்குகளும் இப்படித்தான் ஒதுங்கிச் சுருண்டு கிடக்கும். சூடு ஏறினால் பல கிருமிகள் பெருகும் வேகம் குறைகிறது, நம் வெள்ளையணுக்கள் சுறுசுறுப்பாகின்றன. சளி பிடிக்கவைக்கும் ரைனோவைரஸ் மூக்கின் உட்புறத்தில் இருக்கும் 33 டிகிரி செல்சியஸ் அளவில் நன்றாகப் பெருகும். உடம்பின் உள்சூடான 37-இல் அதற்கு அவ்வளவு தோதுப்படாது.

அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிட என்று சொல்லவில்லை. பாராசிட்டமால் அந்தப் புரோஸ்டாகிளாண்டினைத்தான் குறைக்கிறது. வலி தாங்க முடியாவிட்டாலோ தூக்கம் கெட்டாலோ டாக்டர் சொன்ன அளவுக்குள் போட்டுக்கொள். தெர்மாமீட்டர் 100 காட்டியது என்பதற்காக மட்டும் ஓடிப்போய்ப் போடாதே.

சரி, வைரஸ் காய்ச்சலுக்கு ஏன் ஆன்டிபயாடிக் உதவாது? பாக்டீரியாவும் வைரஸும் ஒரே மாதிரிப் பூச்சிகள் என்று நினைப்பதில்தான் இந்தக் குழப்பம் தொடங்குகிறது. பாக்டீரியா முழுமையான ஓர் உயிரணு. அதற்குச் சுவர் உண்டு, அதுவே சாப்பிடும், அதுவே இரண்டாகப் பிரியும். நம் உடம்புக்குள் வந்தாலும் பெரும்பாலான பாக்டீரியா நம் அணுக்களுக்கு வெளியேதான் தங்கும். தொண்டைப் பரப்பிலோ, நுரையீரலின் காற்றறைகளிலோ, காயத்திலோ இருந்துகொண்டு பெருகும். வைரஸ் அப்படி இல்லை. ஒரு புரத உறைக்குள் கொஞ்சம் மரபுப்பொருள், அவ்வளவுதான். தானாக அதனால் எதுவும் செய்ய முடியாது. நம் அணுவுக்குள் புகுந்து, அந்த அணுவையே தன் நகல்களைச் செய்யவைக்கும். அளவிலும் பெரிய வித்தியாசம். சாதாரண பாக்டீரியா ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்கும். இன்ஃப்ளூயன்ஸா வைரஸ் அதிலும் பத்தில் ஒரு பங்கு. கிராம் சாயம் ஏற்றினால் ஊதாவாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரியும் பாக்டீரியாவை என் மைக்ராஸ்கோப்பில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இன்ஃப்ளூயன்ஸா வைரஸை அதில் பார்க்கவே முடியாது, அதற்கு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டும்.

இந்த ஒரு வேறுபாட்டால்தான் உடம்புக்கு இரண்டு விதமான வேலை வருகிறது. வெளியே இருப்பதைப் பிடித்துத் தின்றுவிடலாம். நம் அணுவுக்குள்ளேயே ஒளிந்திருப்பதை என்ன செய்வது? அந்த அணுவையே அழிக்க வேண்டியிருக்கிறது. சொந்த அணுவைக் கொல்வது சின்ன முடிவு இல்லை. தவறான அணுவைக் கொன்றால் உடம்புக்குத்தானே நஷ்டம்? நோய் எதிர்ப்பில் என்னை இன்றும் வியக்கவைப்பது, இந்த முடிவை உடம்பு எவ்வளவு கவனமாக எடுக்கிறது என்பதுதான்.

பாக்டீரியா கதையை முதலில் சொல்கிறேன். தோல், சளி, வயிற்று அமிலம், கண்ணீரில் இருந்துகொண்டு பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைம், இவற்றைத் தாண்டி உள்ளே வந்த பாக்டீரியாவை முதலில் சந்திப்பவை விழுங்கும் அணுக்கள். இதை முதலில் கண்டவர் ரஷ்ய விலங்கியலாளர் மெச்னிகோஃப். 1882-இல் சிசிலித் தீவின் மெசினாவில், கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ஒரு முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் பார்த்தால் நகரும் அணுக்கள் முள்ளைச் சுற்றி மொய்த்திருந்தன. நம் உடம்பிலும் சீழ் பிடிப்பது இதுதான் என்று அவர் பிடித்துக்கொண்டார். 1908-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த அணு, இது பாக்டீரியா என்று எப்படிக் கண்டுகொள்கிறது? நம் உடம்பில் எங்குமே இல்லாத, ஆனால் பாக்டீரியாக்களில் பொதுவாக இருக்கும் பொருட்களை வைத்துத்தான். ஒரு பெரிய வகுப்புப் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் ஒரு கொழுப்புச் சர்க்கரைப் பொருள் உண்டு. அதை உணரும் ஏற்பியை ப்ரூஸ் பாய்ட்லர் 1998-இல் எலிகளில் கண்டார். அதற்கு இரண்டு வருடம் முன்பே அதே குடும்பத்தைச் சேர்ந்த டோல் என்ற மரபணு பழ ஈக்களைப் பூஞ்சையிடமிருந்து காப்பதை ஜூல் ஹாஃப்மன் குழு காட்டியிருந்தது. ஈயும் மனிதனும் ஏறக்குறைய ஒரே கருவியை வைத்துக் கிருமியை உணர்கிறோம். எவ்வளவு பழைய ஏற்பாடு, பார்!

அப்புறம் நியூட்ரோஃபில். எனக்கு மிகவும் பழக்கமான அணு. உட்கரு இரண்டு முதல் ஐந்து மடலாகப் பிரிந்து ஊதா நிறத்தில் தெரியும். ரத்த வெள்ளையணுக்களில் பாதிக்கு மேல் இதுதான். எலும்பு மஜ்ஜை தினமும் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களைச் செய்து அனுப்புகிறது. அவற்றின் ஆயுளோ மிகக் குறைவு. பாக்டீரியா தொற்று கடுமையாகும்போது மஜ்ஜை முதிராதவற்றையும் வெளியே தள்ளும். மடலாகப் பிரியாத, வளைந்த பட்டைபோன்ற உட்கருவோடு வரும். லேபில் அதை 'லெஃப்ட் ஷிஃப்ட்' என்போம். ஸ்லைடில் அதைப் பார்த்ததும் உடனே டாக்டருக்குச் சொல்லி அனுப்புவோம்.

நியூட்ரோஃபில் பாக்டீரியாவை விழுங்கி, உள்ளே வைத்து ஹைப்போகுளோரஸ் அமிலம் போன்றவற்றால் கொல்கிறது. துணி வெளுக்கும் பிளீச்சில் இருப்பதும் இந்த இனத்து வேதிப்பொருள்தான். அதைச் செய்யும் என்சைமுக்கு இயற்கையிலேயே பச்சை நிறம். நீ நேற்று "சளி பச்சையா வருது, அப்போ பாக்டீரியாதானே" என்றாய் அல்லவா? அந்தப் பச்சை நியூட்ரோஃபில்களிலிருந்து வருகிறது. சாதாரண வைரஸ் சளியிலும் சில நாட்களில் நியூட்ரோஃபில்கள் மூக்கில் சேரும், சளி மஞ்சளாகும், பச்சையாகும். நிறத்தை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் எடுக்கக் கூடாது.

சில பாக்டீரியா எளிதில் பிடிபடாது. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் தன்மேல் ஒரு வழுக்கும் சர்க்கரை உறை போட்டிருக்கும். விழுங்க வரும் அணு பிடிக்க முடியாமல் திணறும். கிருமியில் ஒட்டவென்றே உடம்பு செய்யும் ஆன்டிபாடி என்ற புரதமும், கல்லீரல் செய்து ரத்தத்தில் விட்டிருக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் அந்த உறைமேல் ஒட்டிக்கொண்டால்தான் பிடி கிடைக்கும். காசநோய்க் கிருமி இன்னும் ஒரு படி மேலே. விழுங்கிய மேக்ரோஃபேஜுக்குள்ளேயே உயிரோடு தங்கிவிடும். அங்கே டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் வந்து அந்த மேக்ரோஃபேஜைத் தூண்டிவிட வேண்டும். எச்ஐவி அந்த டி செல்களை அழிப்பதால்தான் எச்ஐவி உள்ளவர்களுக்குக் காசநோய் அத்தனை எளிதாகத் தாக்குகிறது. ஆகவே பாக்டீரியா வெளியே, வைரஸ் உள்ளே என்று நான் பிரித்தது எல்லாக் கிருமிக்கும் கச்சிதமாகப் பொருந்தாது. ஆனாலும் உன் காய்ச்சலைப் புரிந்துகொள்ள இது போதும்.

இனி உன்னிடம் வந்திருக்கும் வைரஸ் வகையைப் பார்ப்போம். வைரஸ் புகுந்த அணு சும்மா இருந்து சாவதில்லை. தனக்குள் அந்நிய மரபுப்பொருள் இருப்பதை உணர்ந்ததும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விடுகிறது. லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜான் லிண்டன்மனும் 1957-இல் கண்டது இது. அது பக்கத்து அணுக்களில் போய் ஒட்டியதும், அவை தங்கள் புரதத் தயாரிப்பைக் கட்டுப்படுத்திக்கொள்ளவும் ஆர்என்ஏ என்ற அந்நிய மரபுப்பொருளை வெட்டவும் தயாராகின்றன. பிறகு வைரஸ் உள்ளே வந்தாலும் அதற்கு நகல் எடுப்பது கஷ்டம். உன் உடம்பு வலிக்கு இதுவும் ஒரு காரணம். எப்படித் தெரியும் என்கிறாயா? முன்பு ஹெபடைடிஸ் சி நோயாளிகளுக்கு இன்டர்ஃபெரானையே ஊசியாகப் போட்டார்கள். ஃப்ளூ வைரஸ் எதுவும் உடம்பில் இல்லாமலே அவர்களுக்கு அப்படியே ஃப்ளூ காய்ச்சல் போல நடுக்கமும் சூடும் வலியும் வந்தன.

இன்டர்ஃபெரான் நேரம் வாங்கித்தரும், ஆனால் வைரஸ் குடியேறிய அணுவை யாராவது அழிக்க வேண்டுமே. அதற்குத்தான் கொல்லும் டி செல். நம் அணு ஒவ்வொன்றும் தனக்குள் தயாராகும் புரதங்களின் சிறு துண்டுகளை எம்எச்சி என்ற தாங்கியில் வைத்து வெளிப்பரப்பில் காட்டிக்கொண்டே இருக்கும். ஓயாமல், ஆரோக்கியமாக இருக்கும்போதும். வைரஸ் உள்ளே வேலை செய்தால் அதன் துண்டும் வெளியே தெரியும். அதைப் பொருத்திப் பார்க்கும் டி செல் அந்த அணுவில் துளையிட்டு, தன்னைத்தானே முடித்துக்கொள்ளும் கட்டளையை உள்ளே செலுத்துகிறது. டி செல் வைரஸை மட்டும் பார்ப்பதில்லை, சொந்த எம்எச்சியோடு சேர்த்துத்தான் பார்க்கிறது என்று 1974-இல் ஜிங்கர்நாகலும் டோஹர்ட்டியும் கான்பெராவில் எலிகளை வைத்துக் காட்டினார்கள்.

சில வைரஸ்கள் இந்தக் காட்சியையே மறைக்கப் பார்க்கும், எம்எச்சியை மேலே வரவிடாது. அதற்கும் உடம்பிடம் பதில் இருக்கிறது. என்கே செல் என்று ஒரு வகை. எம்எச்சி காட்டாத அணுவைக் கண்டால் இவை சந்தேகப்பட்டுக் கொன்றுவிடும். ஒளிந்தால் என்கே செல், ஒளியாவிட்டால் டி செல்.

கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று பயந்தாயே, அங்கே நடப்பதையும் சொல்கிறேன். தொண்டையில் இருக்கும் டென்ட்ரிடிக் செல்கள் கிருமியின் துண்டுகளை எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுக்களுக்குப் போகின்றன. அங்கே காத்திருக்கும் டி செல், பி செல் ஒவ்வொன்றிடமும் வெவ்வேறு வடிவத்தில் ஒரு ஏற்பி உண்டு. மரபணுத் துண்டுகளைக் கலைத்துப் போட்டு உடம்பு கோடிக்கணக்கான வடிவங்களைச் செய்து வைத்திருக்கிறது. பி செல்லில் இது எப்படி நடக்கிறது என்று 1976-இல் சுசுமு டோனெகாவா காட்டினார். நீ இதுவரை சந்தித்தே இராத வைரஸுக்குப் பொருந்தும் செல் உன் உடம்பில் ஏற்கெனவே இருக்கிறது. மிகச் சில செல்கள்தான். கணுவில் அவை தேர்வாகி, பிரிந்து பிரிந்து பெருகுவதால்தான் கணு வீங்குகிறது, தொட்டால் வலிக்கிறது. இதற்குக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். மூன்றாம் நாள் நீ இன்னும் அவதிப்படுவதும், ஐந்தாறு நாளில் பெரும்பாலும் தேறிவிடுவதும் இதனால்தான். பி செல்கள் செய்யும் ஆன்டிபாடி வந்துவிட்டால், வெளியே வரும் வைரஸ் புது அணுவில் நுழையும் முன்பே அதன்மேல் ஒட்டித் தடுத்துவிடும்.

வேலை முடிந்ததும் அந்தச் செல்களில் பெரும்பாலானவை செத்துப்போகும், கொஞ்சம் மட்டும் நினைவுச் செல்களாகத் தங்கும். எவ்வளவு காலம்? 1846-இல் ஃபேரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது டென்மார்க்கின் இளம் டாக்டர் பீட்டர் பானும் அங்கே போனார். 1781-க்குப் பிறகு அந்தத் தீவுகளில் தட்டம்மையே வந்ததில்லை. 1781-இல் சிறுவயதில் தட்டம்மை வந்துபோன முதியவர்களில் ஒருவர்கூட இப்போது நோயில் விழவில்லை என்று அவர் கண்டார். 65 வருடம், நடுவில் ஒருமுறைகூட அந்த வைரஸைப் பார்க்காமல்! தடுப்பூசி, நோயின் துன்பம் இல்லாமல் இந்த நினைவை மட்டும் வாங்கித் தருகிறது. உனக்குச் சின்ன வயதில் ஒன்றுகூட விடாமல் போட்டதற்குக் காரணம் அதுதான்.

அப்படியானால் சளி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? ரைனோவைரஸில் மட்டும் 160-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. இன்ஃப்ளூயன்ஸா வருடா வருடம் தன் மேற்பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்கிறது. உன் நினைவுச் செல்கள் மறக்கவில்லை, வந்திருப்பது வேறு ஆள். உன் ஆபீஸ்காரர்கள் படுக்காததற்கும் பதில் இங்கே இருக்கலாம். இதே வகையையோ இதைப் போன்ற ஒன்றையோ அவர்கள் முன்பே சந்தித்திருக்கலாம். தொற்று வந்தும் தெரியாமலே கடந்திருக்கலாம்.

எதிர்ப்பு சக்தி இல்லை என்று மட்டும் சொல்லாதே அம்மா. உண்மையிலேயே அது இல்லாதவர்களின் ரத்தத்தையும் நான் பார்த்திருக்கிறேன். புற்றுநோய் மருந்தால் நியூட்ரோஃபில்கள் அடியோடு குறைந்துபோனவர்களுக்குப் பாக்டீரியா தொற்று வந்தாலும் சீழ் பிடிக்காமல் போகலாம். மிகவும் வயதானவர்களுக்குக் கடும் தொற்று இருந்தும் காய்ச்சலே வராமல் இருக்கலாம். பார்த்தால் அமைதியாக இருப்பார்கள், டாக்டர்கள் அதைக் கண்டுதான் அதிகம் பயப்படுவார்கள். உனக்கு நடுங்கிக் காய்ச்சல் வந்து, கழுத்தில் நெறி கட்டி, மூக்கு ஒழுகுகிறது. எல்லாம் வேலை செய்கிறது என்றுதான் இதற்கு அர்த்தம்.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டுகிறோம் என்று விற்கும் பொடியையும் மாத்திரையையும் வாங்காதே. இது கூட்டினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்ற விஷயமும் இல்லை. அளவு மீறினால் அதுவே உடம்பைத் தாக்கும். தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை கட்டுமீறி உறுப்புகளைச் சிதைப்பதைத்தான் செப்சிஸ் என்கிறோம். தூக்கத்தைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்வேன். 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முன்வந்தவர்களின் மூக்கில் ரைனோவைரஸ் சொட்டுவிட்டுப் பார்த்தார்கள். இரவில் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. நீ எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்று எனக்குத் தெரியும்.

இப்போது அந்த மிச்ச மாத்திரைக்கு வருகிறேன். பெனிசிலின் இனத்து மருந்துகள் பாக்டீரியா தன் சுவரைக் கட்டுவதைத் தடுக்கின்றன. நம் அணுவுக்குச் சுவர் இல்லை, அதனால் நமக்குப் பெரிதாகக் கெடுதல் இல்லை. வைரஸுக்கும் சுவர் இல்லை, அதனால் அதற்கும் ஒன்றும் ஆகாது. நீ போடும் மாத்திரை உன் குடலில் வாழும் நல்ல பாக்டீரியாவைத்தான் கொல்லும். நம் உடம்பில் நம் அணுக்கள் எத்தனையோ, ஏறக்குறைய அத்தனை பாக்டீரியாவும் வாழ்கின்றன. அரைகுறை மருந்தில் பிழைப்பவை, மருந்துக்குச் சாகாத வகைகள். அவை பெருகும். பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங்கே 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது, குறைந்த அளவில் மருந்தைப் போட்டுப் பாக்டீரியாவைப் பழக்கிவிடுவார்கள் என்று எச்சரித்தார். 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் உலகெங்கும் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபமும் வருகிறது, துக்கமும் வருகிறது. நல்ல மருந்து, தேவையில்லாத இடத்தில் வீணாகிக்கொண்டிருக்கிறது. அந்த அட்டையை எடுத்துக்கொண்டுபோய் மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்து, முறைப்படி அப்புறப்படுத்தச் சொல்.

ஆனால் அசட்டையாகவும் இருக்காதே. வைரஸ் சுவாசக்குழாயின் உட்பரப்பைச் சிதைத்துவிட்டுப் போனதும், அந்த இடத்தில் பாக்டீரியா பிடித்துக்கொள்வது உண்டு. 1918 இன்ஃப்ளூயன்ஸாவில் இறந்தவர்களில் பெரும்பாலானோர் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாவால்தான் இறந்திருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் பாதுகாத்து வைத்த நுரையீரல் திசுக்களை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஆகவே காய்ச்சல் விட்டு ஓரிரு நாள் நன்றாக இருந்துவிட்டுத் திரும்பவும் ஏறினால் உடனே டாக்டரிடம் போ. மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ, பேச்சு குழறிப் புத்தி மங்கினாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ இரவு என்றும் பார்க்காதே. அப்போது டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினால் மறுபேச்சு பேசாமல், அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை போடு. அதுவே அந்த மருந்துக்கு உரிய இடம்.

நாளைக்கும் காய்ச்சல் இறங்காவிட்டால் டாக்டரைக் கேட்டு ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொள். ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பு. வெள்ளையணுக்களின் மொத்த எண்ணிக்கை, நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் சதவீதம், இருந்தால் அழற்சியின் அளவைக் காட்டும் சிஆர்பி, இந்த வரிகள் தெளிவாகத் தெரியும்படி எடு. அவை மட்டும் முடிவு சொல்லிவிடாது, டாக்டர் உன்னை நேரில் பார்ப்பதுதான் முக்கியம். ஆனால் படித்து உனக்கு விளக்க என்னால் முடியும். அம்மா காலையில் கூப்பிடுவாள், போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா